அப்பத்தாவின் கண்ணாடியும் அம்மாவின் கண்ணும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





இவ்விழாவில் சில சொற்கள் கூற வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கடிதம் எழுதிய பொழுது நான் சற்றுத் தயங்கினேன். நான் புலவன் அல்லேன். மேடைப் பேச்சாளனும் அல்லேன். இந்தச் சாந்தன்பாறை மலையில் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்து, பிழைப்பின் பொருட்டுக் கோயமுத்தூர் சென்று, முப்பத்தைந்து ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று இரும்பைச் சீவியவன். இலக்கியம் பேசும் தகுதி எனக்கு இல்லை. "அப்படியானால் தெரிந்த தொழிலைப் பற்றியே பேசுங்கள், பிள்ளைகளுக்குப் பயன்படும்" என்றார் செயலாளர். அந்தக் கட்டளையை ஏற்றே உங்கள் முன் நிற்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், சிறிய தொழிற்கூடங்கள் செய்யும் ஆராய்ச்சி. அதிலும் குறிப்பாக, போர்ப்படைக்கும் மருத்துவத்துக்கும் வேண்டிய கருவிகளைச் சிறு தொழிலாளர் உருவாக்கும் வரலாறு. ஏலக்காய் பறித்தும் களையெடுத்தும் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தாய்மார்கள் எண்ணக்கூடும். அதற்கு விடையாக எங்கள் வீட்டுக் கதை ஒன்றை முதலில் சொல்கிறேன்.

என் அப்பத்தா இந்த மலையில் நாற்பது ஆண்டு காய் எடுத்தவள். முதுமையில் அவளுக்கு இரு கண்ணிலும் புரை விழுந்தது. ஊருக்கு வந்த கண் முகாமில் அறுவை செய்தார்கள். அந்தக் காலத்தில் புரை படிந்த வில்லையை எடுத்துவிடுவார்கள். அதற்கு ஈடாகக் கண்ணுக்குள் வைப்பதற்கு ஒன்றும் இராது. சோடாப்புட்டியின் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கண்ணாடி இருந்தால் அப்பத்தாவுக்கு உலகம் உண்டு, இல்லையேல் இல்லை. ஓர் ஆனிமாத மழையில் லயத்துப் படியில் அவள் வழுக்கி விழுந்தாள். கண்ணாடி கல்லில் பட்டு நொறுங்கிவிட்டது. வேறு கண்ணாடி வாங்க மலையிறங்க வேண்டும், கூலியை இழக்க வேண்டும், காசும் வேண்டும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போயிற்று. கண் வைத்தியம் செய்யப்பட்ட அவள், கடைசி மூன்று ஆண்டுகளைச் சுவரைத் தடவியே கழித்தாள்.

என் அம்மாவுக்கும் அதே புரை வந்தது. ஆனால் காலம் மாறியிருந்தது. பூப்பாறை வழியே போடிமெட்டு ஏறி, வளைவுகளில் இறங்கி, போடிநாயக்கனூரைக் கடந்து தேனிக்கு அழைத்துச் சென்றோம். கண்ணுக்குள்ளேயே சிறு வில்லை ஒன்றை வைத்தார்கள். மறுநாள் கட்டை அவிழ்த்ததும், "உனக்கு இவ்வளவு நரை விழுந்துவிட்டதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அதன் பின் பல ஆண்டு அவள் அரிசியில் கல் பொறுக்கினாள். பேரனுக்குச் சட்டைப் பொத்தான் தைத்தாள்.

ஒரே வீடு, ஒரே நோய். அப்பத்தா இருளில் இறந்தாள், அம்மா ஒளியில் வாழ்ந்தாள். இந்த வேறுபாட்டை உண்டாக்கியது ஒரு சிறு உளுந்து மணியினும் சற்றே பெரிய வில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனேன். அது என்னைப் போர்க்களத்துக்கு அழைத்துச் சென்றது.

இரண்டாம் உலகப் போர். 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். இங்கிலாந்தின் வானில் ஜெர்மானிய விமானங்களுக்கும் பிரிட்டிஷ் விமானங்களுக்கும் கடும் சண்டை நடந்துகொண்டிருந்தது. கார்டன் கிளீவர் என்னும் இளம் விமானியின் போர்விமானத்தைக் குண்டுகள் தாக்கின. விமானியின் தலைக்கு மேலிருந்த கூண்டு சிதறி, அதன் துண்டுகள் அவருடைய கண்களில் பாய்ந்தன. அந்தக் கூண்டு சாதாரணக் கண்ணாடியால் ஆனதன்று. பெர்ஸ்பெக்ஸ் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கினால் ஆனது. போர் விமானத்துக்கு எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக அது பயன்பட்டது.

இவ்வாறு காயம்பட்ட விமானிகளின் கண்களை ஆராய்ந்த மருத்துவர்களுள் லண்டன் நகரத்து ஹெரால்டு ரிட்லி ஒருவர். கண்ணில் மண் விழுந்தாலும் முள் விழுந்தாலும் கண் சிவந்து வீங்கிச் சீழ் பிடிக்கும். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணுக்குள் தங்கியும் பெருந்தீங்கு செய்யவில்லை. கண் அவற்றைப் பகையாகக் கருதவில்லை. ரிட்லி இதனை மனத்தில் குறித்துக்கொண்டார். பின்னொரு நாள் புரை அறுவையைக் கண்டுகொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், "எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்று வைக்க மாட்டீர்களா?" என்று கேட்டாராம். அறியாப் பிள்ளையின் கேள்வி என்று ரிட்லி அதனைத் தள்ளிவிடவில்லை. விமானிகளின் கண்ணில் கண்ட பிளாஸ்டிக் அவர் நினைவுக்கு வந்தது.

ஆயினும் நினைவு மட்டும் வில்லை ஆகிவிடாது. யாரேனும் அதனைக் கடைந்து, மெருகேற்றி, கையில் கொடுக்க வேண்டும். ரிட்லி பெரிய ஆலைகளை நாடவில்லை. மூக்குக்கண்ணாடி செய்து வந்த ரேய்னர் என்னும் நிறுவனத்தின் ஒளியியல் வல்லுநர் ஜான் பைக்கிடம் சென்றார். இருவரும் கூடி வடிவத்தை வகுத்தனர். 1949-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், மனிதக் கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை வில்லை வைக்கப்பட்டது. ரிட்லி அதற்குத் தனியுரிமை பெற்றுப் பணம் சேர்க்கவும் இல்லை.

உலகம் அவரைக் கொண்டாடியதா? இல்லை. கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதே வைத்தியன் வேலை; உள்ளே வைப்பது மடமை என்று பெரிய மருத்துவர்கள் எதிர்த்தனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த வில்லை ஏளனத்துக்கு ஆளாயிற்று. 1981-இல்தான் அமெரிக்க அரசாங்கம் அதற்கு ஒப்புதல் அளித்தது. ரிட்லிக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது 2000-ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்று மூன்று.

இனி நம் பக்கம் வருவோம். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மருத்துவம் கற்றுப் படைமருத்துவராகச் சேர்ந்தார். முடக்குவாதம் அவரைத் தாக்கிற்று. விரல்கள் கோணின. 1948-இல் படைப்பணியை விட்டு வெளியேற நேர்ந்தது. பேனாப் பிடிக்கவும் இயலாத அந்த விரல்களைப் பழக்கிக் கத்தி பிடிக்கக் கற்று, கண் மருத்துவரானார். ஓய்வு பெற்ற பின்னர், 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985-இல் தேனியிலும் கிளை ஏற்பட்டது. நம் மலை மக்களுக்கு அது பேருதவி ஆயிற்று.

ஆனால் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. ஏழைக்கு இலவசமாக அறுவை செய்யலாம். நூறு டாலர் வில்லையை எத்தனை பேருக்கு இலவசமாக வைக்க முடியும்? ஆகவே பணம் உள்ளவனுக்கு வில்லை, இல்லாதவனுக்குச் சோடாப்புட்டி என்ற நிலை இருந்தது. என் அப்பத்தாவின் கண்ணாடி உடைந்ததற்கு மழை மட்டும் காரணமன்று. அந்த விலையும் காரணம்.

"நாமே செய்வோம்" என்று மதுரையில் துணிந்தார்கள். அமெரிக்கரான டேவிட் கிரீன் முதலிய நண்பர்கள் தொழில்நுட்பம் பெற உதவினர். 1992-இல் அரோலேப் என்ற சிறு தொழிற்கூடம் பிறந்தது. இந்தியாவில் செய்த வில்லை தரமாக இருக்குமா என்று ஐயுற்றவர் பலர். விலை முதலில் பத்து டாலர் அளவுக்கு இறங்கிற்று. பின்னர் அதனினும் மிகக் கீழே இறங்கிற்று. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை வில்லை செல்கிறது. தாய்மார்களே, நீங்கள் கேட்டு மகிழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த வில்லைகளைச் செய்யும் கைகளுள் பெரும்பாலானவை கிராமத்துப் பெண்பிள்ளைகளின் கைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களைத் தேர்ந்து, பயிற்சி அளித்து, அந்த நுண்ணிய வேலையில் அமர்த்தினார்கள்.

போர்விமானத்தின் கூண்டு, லண்டன் மருத்துவர், ஒரு கண்ணாடி நிறுவனம், முடங்கிய விரல்களுடைய படைமருத்துவர், மதுரைக் கிராமத்துப் பெண்கள் என இத்தனை கை மாறித்தான் அந்த வில்லை சாந்தன்பாறைத் தோட்டத் தொழிலாளியின் கண்ணை அடைந்தது.

இது ஏதோ ஒருமுறை நேர்ந்த விந்தை என்று எண்ண வேண்டா. மற்றொன்று கேளுங்கள். நீங்கள் மருத்துவமனையில் இரத்தப் பையைப் பார்த்திருப்பீர்கள். முன்னாளில் இரத்தத்தைக் கண்ணாடிப் புட்டியில்தான் சேமித்தார்கள். போர்முனைக்குக் கொண்டு செல்கையில் புட்டி உடையும். இரத்தமும் உயிரும் ஒருங்கே போகும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் கார்ல் வால்ட்டர், பிளாஸ்டிக் பையில் இரத்தத்தைச் சேமிக்கலாம் என்று கண்டார். ஃபென்வால் என்ற சிறு நிறுவனத்தை அவரே தொடங்கினார். வில்லியம் மர்பி என்னும் இளைய மருத்துவர் அப்பணியில் துணை நின்றார். 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த கொரியப் போரில் அந்தப் பை சோதனைக்கு வந்தது. கீழே விழுந்தால் உடையவில்லை. அவசரத்தில் கையால் அழுத்தி இரத்தத்தை விரைவாகச் செலுத்தவும் முடிந்தது.

நம் மாநிலத் தலைநகரமாகிய திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிலையம் அந்தப் பையை உள்நாட்டிலேயே செய்யும் முறையை வகுத்தது. முறை வகுத்துவிட்டால் போதுமா? அதனைத் தொழிலாக்க ஆள் வேண்டும். 1983-இல் ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்து வந்த சி. பாலகோபால் அத்துணிவை மேற்கொண்டார். பெனின்சுலா பாலிமர்ஸ் என்ற சிறு நிறுவனம் தோன்றிற்று. இடர் பல கடந்து அது வளர்ந்தது. பின்னர் ஜப்பானிய டெருமோ நிறுவனத்தோடு இணைந்து உலகின் பெரிய இரத்தப்பைத் தயாரிப்பாளர்களுள் ஒன்றாக ஆயிற்று.

அதே நிலையத்தில், பூஜப்புரை சாட்டல்மாண்டு அரண்மனைக் கட்டடத்தில், டாக்டர் எம். எஸ். வலியத்தானும் அவருடைய குழுவினரும் இருதய வால்வு ஒன்றை உருவாக்கப் பாடுபட்டனர். சிறு வயதில் வாதக் காய்ச்சல் கண்டு வால்வு பழுதான ஏழைப் பிள்ளைகள் ஏராளம். வெளிநாட்டு வால்வு வாங்க அவர்களால் இயலாது. முதல் மாதிரி தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதும் தோற்றது. நான்காவது மாதிரியில் ஜெட் எஞ்சின்களின் வெப்பம் தாங்கும் வகையைச் சேர்ந்த கடின உலோகக் கலவையால் வளையமும், உறுதியான பிளாஸ்டிக்கினால் தட்டும் செய்தார்கள். பெங்களூரிலுள்ள தேசிய விமான ஆய்வுக்கூடமும் துணை செய்தது. ஆடுகளில் சோதித்த பின், 1990 டிசம்பர் 6-ஆம் நாள் முதன்முறையாக ஒரு மனிதரின் இருதயத்தில் அது பொருத்தப்பட்டது. டி.டி.கே. குழுமம் அதனைத் தயாரிக்க முன்வந்தது. இன்றுவரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன.

இராமேசுவரம் தந்த அப்துல் கலாமைக் குறிக்காமல் இப்பேச்சு நிறைவுறாது. ஐதராபாத்தில் ஏவுகணை செய்துகொண்டிருந்த அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு, நிசாம் மருத்துவ நிலையத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் வந்தார். ஏவுகணைக்காகச் செய்த இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். தம் மருத்துவமனைக்குக் கலாமை அழைத்துச் சென்றார். அங்கே இளம்பிள்ளை வாதம் கண்ட சிறுவர் சிறுமியர் மூன்று கிலோ எடையுள்ள இரும்புத் தாங்கிகளைக் காலில் கட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தனர். மூன்று வாரத்தில் முந்நூறு கிராம் எடையில் தாங்கி செய்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓடியாடியதைக் கண்டு பெற்றோர் கண்ணீர் விட்டனர். ஏவுகணை பறந்ததைவிட அந்தக் காட்சியே தமக்குப் பேரின்பம் தந்தது என்ற கருத்தைக் கலாம் பல மேடைகளில் சொல்லி வந்தார். 1990-களில் டாக்டர் சோமராஜுவோடு கூடி, இருதய இரத்தக்குழாயை விரிக்கும் விலைகுறைந்த ஸ்டென்ட் ஒன்றையும் அவர் உருவாக்கினார்.

நிற்க. இவற்றையெல்லாம் கேட்கும் பொழுது, "நல்ல எண்ணம் தோன்றினால் போதும், மற்றவை தாமே நடக்கும்" என்ற மயக்கம் பிள்ளைகளுக்கு ஏற்படலாகாது. அதனால் என் சொந்தத் தோல்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், நானும் என் நண்பரும் பங்கு சேர்ந்து கோவையில் ஒரு சிறு பட்டறை வைத்தோம். எலும்பு முறிவுக்குப் பூட்டும் திருகாணிகள் அப்பொழுது பெரும்பாலும் அயல்நாட்டுச் சரக்கு. "இது கடைசல் வேலைதானே, நம்மால் ஏன் ஆகாது?" என்று துணிந்தோம். முதற்பிடியில் செய்த திருகாணிகளைக் கண்ட ஒரு மருத்துவர் தட்டிக்கொடுத்தார். ஆனால் ஒரு திருகாணியை உடம்பில் வைக்க வேண்டுமானால், அது எத்தனை இலட்சம் முறை வளைந்தால் முறியும், உடல்நீரில் துருப்பிடிக்குமா, ஒவ்வொரு பிடியிலும் உலோகம் ஒரே தரமா என்பவற்றையெல்லாம் சோதித்துச் சான்று பெற வேண்டும். அது நியாயமே. அச்சோதனைக்கு ஆகும் செலவோ எங்கள் பட்டறையின் முழு விலையைவிட அதிகம். வங்கிக்குப் போனோம். "விற்பனைக் கணக்கைக் காட்டுங்கள், நிலப் பத்திரத்தைக் காட்டுங்கள்" என்றார்கள். விற்பனை இனிமேல்தான், நிலமோ லயத்துப் பிள்ளைக்கு ஏது? மருத்துவமனைக்குப் போனோம். "சான்றுடன் வாருங்கள், வாங்குகிறோம்" என்றார்கள். இரண்டு ஆண்டில் பட்டறையை மூடினோம். கடைசல் இயந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. நண்பர் திருப்பூருக்குப் போய்விட்டார். நான் மீண்டும் கூலிக்கு நின்றேன்.

எவரையும் குறை கூற இதனைச் சொல்லவில்லை. வங்கி செய்தது வங்கியின் வேலை. மருத்துவமனை செய்தது அதன் வேலை. இரண்டுக்கும் இடையே ஒரு பள்ளம் இருந்தது. அதில் நாங்கள் விழுந்தோம். ஏலம் வைக்கும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். நட்ட செடி மூன்றாம் ஆண்டில்தான் காய் காட்டும். அதுவரை அதற்கு நிழல் மரம் வேண்டும். நிழலே இன்றி வெட்டவெளியில் நட்டுவிட்டு, "நல்ல சாதிச் செடி, ஏன் கருகிற்று?" என்று கேட்பதில் பொருள் உண்டா?

அந்த நிழல் மரத்தை அரசாங்கமே நடலாம் என்று அமெரிக்கர்கள் கண்டார்கள். 1977-இல் அவர்களுடைய தேசிய விஞ்ஞான நிறுவனத்தில் ரோலண்டு டிபெட்ஸ் என்பார் சிறு முயற்சியாய்த் தொடங்கியதை, 1982-இல் சட்டமாக்கினார்கள். வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணம் மிகுதியாய் வழங்கும் அரசுத் துறை ஒவ்வொன்றும், அதில் ஒரு சிறு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்றது அச்சட்டம். தொடக்கத்தில் நூற்றுக்கு 0.2 பங்கு, 2017-க்குள் அது 3.2 ஆக உயர்ந்தது. இதில் மிகுதியாய் வழங்கியவை இரண்டு துறைகள்: ஒன்று பாதுகாப்புத் துறை, மற்றொன்று மருத்துவ ஆராய்ச்சியை நடத்தும் துறை.

அதன் முறை எளியது. முதற்படியில் சிறு தொகை கொடுத்து, எண்ணம் நடக்குமா நடக்காதா என்று பார்ப்பார்கள். நடக்கும் எனத் தெரிந்தால் இரண்டாம் படியில் பெருந்தொகை கொடுத்து மாதிரியைச் செய்விப்பார்கள். மூன்றாம் படி சந்தை. அங்கே தன் காலில் நிற்க வேண்டும். முதற்படியில் தோற்றவனைத் திருடன் போல் நடத்துவதில்லை. தோல்வியின் செலவு சிறிதாக இருக்கும்படி முன்கூட்டியே வகுத்திருக்கிறார்கள். இதுவே அம்முறையின் உயிர்நாடி.

நம் நாட்டிலும் இவ்வறிவு வந்தது. 2005-இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை சிறு தொழில்களின் ஆராய்ச்சிக்கென ஒரு திட்டம் வகுத்தது. 2012-இல் அதற்கெனப் பைராக் என்ற நிறுவனமே தோன்றிற்று. எண்ணம் மட்டுமே கைம்முதலாக உடைய இளைஞனுக்கு ஐம்பது இலட்சம் ரூபாய் வரை அது வழங்கத் தொடங்கிற்று. போர்த்தளவாடத் துறையில், 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் ஐடெக்ஸ் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. படையினர் தம் தேவையை வெளிப்படையாகச் சொல்வர்; தீர்க்க வல்ல சிறு நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உதவி அளிக்கப்பட்டது; மீதிப் பங்கை நிறுவனம் தேட வேண்டும். 2019 ஜனவரியில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து நகரங்களை இணைத்துத் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கிற்று. கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் ஒற்றப்பாலத்தில் பாதுகாப்புத் தொழிற்பூங்கா எழுந்துள்ளது.

2020-ஆம் ஆண்டை நாம் மறக்க மாட்டோம். கொரோனா வந்து போடிமெட்டுச் சோதனைச் சாவடி அடைபட்டு, அந்தப் பக்கத்துச் சாவுக்கும் இந்தப் பக்கத்தார் போக இயலாமல் அழுத காலம் அது. மூச்சுக்கருவி கிடைக்காமல் உலகமே தவித்தது. அப்பொழுது மைசூரிலிருந்த ஸ்கான்ரே என்ற மருத்துவக் கருவி நிறுவனமும், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பும், படைக்கு ரேடார் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையும் கைகோத்து, முப்பதாயிரம் மூச்சுக்கருவிகள் செய்யும் பணியை மேற்கொண்டன. சிறியவனிடம் வடிவம் இருந்தது. பெரியவனிடம் ஆலை இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் மதித்ததால் வேலை நடந்தது.

இவற்றால் குறைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவனுக்கே பணம் எட்டுகிறது. மாதிரி செய்து முடித்தபின், வாங்குவதற்கு ஆணை வரத் தாமதித்தால், பள்ளம் சற்றுத் தள்ளி மீண்டும் வாய்பிளக்கிறது. ஆயினும் அன்று எங்களுக்கு ஒரு கதவும் இல்லை. இன்று தட்டுவதற்குக் கதவுகள் உள்ளன.

இங்கே பெரியோர் சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். "பிள்ளைகளுக்குப் போர்க்கருவி செய்யவா சொல்லித் தருகிறீர்?" என்று. நியாயமான கேள்வி. உயிரைக் கொல்லும் பொருளில் எனக்கும் விருப்பமில்லை. கிளீவரின் கண்ணில் பாய்ந்த துண்டை நான் வாழ்த்த மாட்டேன். போர் மூண்டதால்தான் நன்மை விளைந்தது என்று கூறவும் மாட்டேன். ஆனால் படைக்கான ஆராய்ச்சி என்பது வெடிகுண்டு மட்டுமன்று. பனிமலையில் நிற்கும் சிப்பாயின் சட்டை, அவன் உண்ணும் கெடாத உணவு, அடிபட்டவனைத் தூக்கும் கட்டில், குருதியை நிறுத்தும் கட்டுத்துணி ஆகியனவும் அதில் அடங்கும். இவை ஒவ்வொன்றும் நம் மலைக்கும் வேண்டியவையே. செய்த பொருளை எந்தப் பக்கம் திருப்புவது என்பது திருப்புகின்றவனின் நெஞ்சைப் பொறுத்தது. ரிட்லி திருப்பினார், கலாம் திருப்பினார். திருப்புவதற்கு முதலில் அந்தப் பொருளை அறிந்திருக்க வேண்டும்.

மாணவ மணிகளே, இனி உங்களிடம் வருகிறேன். "நாம் காலனிப் பிள்ளைகள், இந்தப் பக்கம் போனால் தமிழர், அந்தப் பக்கம் போனால் கேரளத்தார், நமக்கு ஆராய்ச்சி எதற்கு?" என்று சோர்வாய்ப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆராய்ச்சி எங்கோ கண்ணாடி மாளிகையில் நடப்பது என்று எண்ணாதீர்கள். இன்று இந்த மலைகளில் பரவலாய்க் காணும் ஞள்ளானி ஏலத்தைத் தந்தவர் யார்? கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்னும் விவசாயி. தம் தோட்டத்துச் செடிகளை உற்றுப் பார்த்து, சிறந்ததைத் தேர்ந்து பெருக்கினார். அதன் விளைச்சல் இந்த மலையின் பொருளாதாரத்தையே மாற்றிற்று.

இன்னும் அண்மைச் செய்தி ஒன்று. பாதாளச் சாக்கடையில் இறங்கி மனிதர் மூச்சடைத்து மாள்வதைக் கண்டு மனம் வெதும்பிய குற்றிப்புறம் பொறியியற் கல்லூரி மாணவர் சிலர், படிப்பு முடிந்ததும் திருவனந்தபுரத்தில் ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கினர். 2018-இல் அவர்கள் செய்த பண்டிக்கூட் என்னும் இயந்திரம் மனிதனுக்குப் பதிலாகச் சாக்கடையில் இறங்கிற்று. அடுத்து, பக்கவாதத்தால் கால் விழுந்தவர்களை மீண்டும் நடக்கப் பழக்கும் இயந்திரத்தையும் செய்தார்கள். அவர்களும் உங்களைப் போலச் சாதாரண வீட்டுப் பிள்ளைகளே.

நம்மைச் சுற்றித் தேவைகளுக்குப் பஞ்சமா? சரிவில் ஒருவர் விழுந்து கால் முறிந்தால், கம்பளியில் கட்டி நால்வர் சுமந்து ஜீப் நிற்கும் இடம் வரை கொண்டுவருகிறோம். இந்தச் சரிவுக்கென்று இலேசான தூக்குக்கட்டில் ஒன்று செய்ய முடியாதா? மருந்து தெளிக்கும் ஆண்கள் கண்ணெரிச்சலோடு வீடு திரும்புகிறார்கள். நம் மழையிலும் மூடுபனியிலும் மங்காத கண்காப்பு ஒன்று வேண்டாவா? அதனை நாம் செய்து காட்டினால், பனிமலைச் சிப்பாய்க்கும் அது பயன்படாதா? தேவையை அனுபவிக்கின்றவனுக்குத் தெரிவது போல, அறைக்குள் இருப்பவனுக்குத் தெரியாது. தேவை என்னும் பெருமுதல் நம்மிடம் நிறைய இருக்கிறது. அதனைக் கணக்கெழுதத்தான் நாம் பழகவில்லை.

ஆகவே இச்சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைத்து என் உரையை முடிக்கிறேன்.

முதலாவது, நம் படிப்பகத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வையுங்கள். 'மலையின் தேவைகள்' என்று அட்டையில் எழுதுங்கள். தோட்டத்திலும் வீட்டிலும் எந்தக் கருவி இல்லாமல் எந்தத் துன்பம் நேர்ந்தது என்பதை யார் வேண்டுமாயினும் அதில் எழுதட்டும். எழுதத் தெரியாத தாய்மார்க்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

இரண்டாவது, படிப்பகத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை, ஒரு பட்டறைப் பிடி, துளைக்கருவி, பற்றவைக்கும் கோல், அளவுகோல் ஆகியவை இருக்கட்டும். புத்தகத்தில் எழுதியதை அந்த மேசையில் செய்து பார்க்கட்டும். அதற்கான முதற்கருவிகளை நான் கோவையிலிருந்து வாங்கி அனுப்புகிறேன். விடுமுறையில் வந்து கற்றுக்கொடுக்கவும் ஆயத்தமாய் இருக்கிறேன். ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமன்று, மதுரை வில்லையைச் செய்பவர்கள் பெண்பிள்ளைகள் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு நாள், ஐம்பது வயது கடந்தவர்களை ஒரு வண்டியில் ஏற்றிக் கண் சோதனைக்கு மலையிறக்கி அழைத்துச் செல்லுங்கள். அன்றைய கூலியை இழப்பவர்களுக்குச் சங்கம் அதனை ஈடு செய்யட்டும். வில்லை மலிந்த காலத்திலும், அதனைப் போய்ப் பெற முடியாத ஒருவர் நம் லயத்தில் இருளில் அமர்ந்திருந்தால், இத்தனை பேர் பட்ட பாடும் நம் வாசலோடு நின்றுபோய்விடும்.

என் அப்பத்தாவின் உடைந்த கண்ணாடியின் ஒரு பக்கச் சட்டம் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதனைத்தான் இன்று சட்டைப்பையில் எடுத்து வந்தேன். சங்கம் அந்த மேசையை அமைக்குமானால், அதன் மேல் மாட்டி வைக்க இதனைத் தருகிறேன். பிள்ளைகள் கேட்டால், அதன் கதையைச் சொல்லுங்கள்.